பொய்யெண் சொன்ன சாட்சி

கூடை நிறையத் தாமரை. மூன்றில் ஒரு பங்கு சிவனுக்கு, ஐந்தில் ஒன்று திருமாலுக்கு, ஆறில் ஒன்று சூரியனுக்கு, கால் பங்கு தேவிக்கு. மிஞ்சிய 6 பூக்கள் குருவின் பாதங்களுக்கு. மொத்தம் எத்தனை? 1150இல் எழுதிய ‘லீலாவதி’யில் இரண்டாம் பாஸ்கரர் கேட்கும் கணக்கு இது.

இன்றைய மாணவர் எக்ஸ் என்று தொடங்குவார். பாஸ்கரர் காட்டும் வழி இஷ்டகர்மம்: இஷ்டப்பட்ட எண் ஒன்றை விடையாக வைத்துக்கொள்வது. 60 என்று வைத்தால் பங்குகள் 20, 12, 10, 15. மிச்சம் 3. வேண்டியதோ 6, அதாவது இரு மடங்கு. ஆகவே பூக்கள் 120. (7 என்று வைத்தாலும் விடை மாறாது, பின்னங்களோடு மல்லுக்கட்ட வேண்டும், அவ்வளவே.) கி.மு. 1550 வாக்கில் ஆமோஸ் என்ற எகிப்திய எழுத்தர் படியெடுத்த பாப்பிரஸ் சுருளிலும் இந்த உத்தி உண்டு.

60 பொய். அதிலிருந்து மெய் எப்படி வந்தது?

வேதாந்திகளும் இப்படியொரு கேள்வியோடு மோதியிருக்கிறார்கள். உலகமே மாயை என்றால் அதற்குள் இருக்கும் வேதம் எப்படி மெய்யறிவு தரும்? பிரம்மசூத்திர பாஷ்யத்தில் சங்கரர் தரும் பதில்: கனவில் கண்டது பொய்யானாலும் கண்ட அறிவு பொய்யாவதில்லை, கீறிய கோடு ஒலியல்ல, ஆனாலும் அதைப் பார்த்தே எழுத்தின் ஒலியை அறிகிறோம்.

இஷ்டகர்மத்தை அவர் பக்கச் சாட்சியாக அழைக்கத் தோன்றும். குறுக்கு விசாரணையில் அது தாங்காது. பங்குகள் போக 3 பூக்கள் வாடிப்போயின, அதன் பிறகு மிஞ்சியவை 6 என்று கணக்கைச் சற்றே மாற்றிப் பாருங்கள். 60 என்று வைத்தால் மிச்சம் பூஜ்யம். அதை எத்தனை மடங்காக்கினாலும் 6 வராது. இன்னோர் எண்ணையும் வைத்துப் பார்க்க வேண்டும். 120க்கு மிச்சம் 3. 60 கூட்டினால் மிச்சம் 3 கூடுகிறது; எனவே விடை 180.

ஆக, முதல் கணக்கில் வேலை செய்தது மொத்தத்துக்கும் மிச்சத்துக்கும் இருந்த மாறாத விகிதம். அது பொய்யல்ல. கோட்டின் கதையும் இதுதான்: இந்தக் கோட்டுக்கு இந்த ஒலி என்ற வழக்கு முன்பே நிலைத்திருக்கிறது. அந்த வழக்கு தெரியாதவருக்குக் கோடு எதையும் சொல்லாது.

ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர் ஸ்ரீபாஷ்யத்தில் சங்கரரின் இதே உதாரணங்களை எடுத்து மறுத்தார்: கனவு காணும் அனுபவமும் உண்மை, கோடும் உண்மை, பொய் எங்கும் மெய்யைப் பெறவில்லை என்றார். பிரம்மம் பற்றிய வழக்கு இன்னும் முடியவில்லை. உதாரணத்தைப் பொறுத்தவரை தாமரைக் கணக்கு ராமானுஜர் பக்கமே.