காணிக்கையும் கணக்கும்

திருநெல்வேலிச் சீமையின் கிறிஸ்தவக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக வழங்கிவந்த பழக்கம் ஒன்று உண்டு. அன்றைய சமையலுக்கென்று அரிசியை அளந்து முறத்தில் கொட்டிய வீட்டுத் தாய், அதைக் களைவதற்கு முன் ஒரு கைப்பிடி அள்ளி, அடுக்களை மூலையில் தனியே வைத்திருக்கும் கலயத்தில் போட்டுவிட்டு, மீதியை உலையில் இடுவாள். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கலயத்து அரிசி கோவிலுக்குப் போகும். சன்னமும் மட்டமுமாகப் பல வீட்டு அரிசியும் அங்கே ஒன்றாகக் கலந்து, பின்பு விற்கப்பட்டு, சபையின் ஊழியத்துக்குப் பணமாகும். மூட்டையிலிருந்து எடுத்தால் அந்தக் குறைவு எவர் கண்ணுக்கும் படாது. அளந்தபின் எடுப்பதனாலே, அந்த வீட்டில் ஒருவர், பெரும்பாலும் கடைசியில் உண்ணும் அவளே, ஒரு கவளம் குறைவாக உண்கிறாள்.

பூமியும் அதன் நிறைவும் கர்த்தருடையவை. மனிதன் அவற்றுக்கு உக்கிராணக்காரன் மாத்திரமே என்பது கிறிஸ்தவ வேதத்தின் ஆதாரமான போதனை. இந்தப் போதனையை நம் பிரசங்க பீடங்கள் கொடுக்கிறவனுக்கே சொல்லிவருகின்றன. உன் நிலம் உன்னுடையதன்று, உன் சம்பளம் உன்னுடையதன்று, ஆகையால் தாராளமாய்க் கொடு என்று அவனுக்குப் புத்தி சொல்லப்படுகிறது. அது சத்தியமே. ஆயினும், கொடுத்தவனுடைய கையைவிட்டு நீங்கிய அந்தப் பொருள் எவனுடைய கைக்கு வந்து சேர்கிறதோ, அவனுக்கு அது கொடுத்தவனுக்கு இருந்ததைக் காட்டிலும் அந்நியமான பொருள் அல்லவா? உழைத்துச் சம்பாதித்தவனே உக்கிராணக்காரன் என்றால், உழையாமலே அதைக் கையில் வாங்கியவன் எவ்வளவு அதிகமாய் உக்கிராணக்காரனாக இருக்கவேண்டும்!

காணிக்கையைப் பற்றிப் பேச எழுந்தவர்கள் எடுத்துக்காட்டாமல் விடாத ஏழை விதவையின் கதையை, அது சுவிசேஷத்தில் நிற்கும் இடத்திலேயே வைத்துப் படித்துப் பார்த்தால், இந்த உண்மை மனத்தில் உறைக்கும். மாற்கு எழுதின பன்னிரண்டாம் அதிகாரத்தில், அவள் தன் இரண்டு காசுகளை ஆலயத்தின் பெட்டியில் போடுவதற்குச் சற்று முன்னே, நீண்ட ஜெபத்தைப் பாவனையாகச் செய்துகொண்டு விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரைக் குறித்து இயேசு எச்சரிக்கிறார். அடுத்த அதிகாரத்தின் தொடக்கத்திலோ, அந்த ஆலயத்தின் கற்களில் ஒன்றின்மேல் ஒன்று நில்லாது என்கிறார். அந்தப் பெண்ணின் ஈகைக்கு நிகரில்லை என்பதில் ஐயமேயில்லை. ஆனால், அவளைப் புகழ்ந்த வாய்தான் அவளுடைய காசை வாங்கிய அமைப்பின்மேல் தீர்ப்பும் கூறியது. முன்னதைப் பிரசங்கித்துப் பின்னதை விட்டுவிடுகிற போதகன் வேதத்தில் பாதியைத்தான் திறந்திருக்கிறான்.

பழைய ஏற்பாட்டிலே இந்த விஷயத்துக்கென்றே எழுதப்பட்டதுபோல ஒரு சரித்திரம் இருக்கிறது. யூதாவின் அரசனாகிய யோவாஸ், ஆலயத்தைப் பழுதுபார்க்கும்படி ஆசாரியர்களிடம் காணிக்கைப் பணத்தை ஒப்புவித்திருந்தும், அவனுடைய ஆட்சியின் இருபத்துமூன்றாம் வருஷம் வரையில் ஒரு பழுதும் பார்க்கப்படவில்லை. அரசன் அவர்களை அழைத்துக் கேட்டான். அதன்பின் ஆசாரியனாகிய யோய்தா ஒரு பெட்டியை எடுத்து, அதன் மூடியில் துவாரமிட்டு, ஆலயத்துக்குள் நுழைகிறவர்களின் வலது பக்கமாகப் பலிபீடத்தண்டையில் வைத்தான். பெட்டி நிரம்பியதும், அரசனுடைய சம்பிரதியும் பிரதான ஆசாரியனும் ஆகிய இருவரும் வந்து, பணத்தை எண்ணிப் பைகளில் கட்டி, தச்சருக்கும் கொத்தருக்கும் கல்தச்சருக்கும் கூலியாகவும், மரத்துக்கும் கல்லுக்கும் விலையாகவும் கொடுக்கும்படி செய்தார்கள். அந்தப் பணத்திலிருந்து வெள்ளிக் கிண்ணங்களோ பொற்பாத்திரங்களோ எக்காளங்களோ செய்யப்படவில்லை என்று இராஜாக்களின் புஸ்தகம் அக்கறையோடு எழுதிவைத்திருக்கிறது. கூரை ஒழுகுகையில் வெள்ளிக் கிண்ணம் செய்யும் ஆசை எந்தக் காலத்துக்கும் உரியதுபோலும். வேலை நடத்தினவர்கள் உண்மையாய் நடந்தபடியால் அவர்களிடத்தில் கணக்குக் கேட்கவில்லை என்றும் அதே இடத்தில் படிக்கிறோம். இந்த வசனத்தைக் காட்டி, ஊழியக்காரரிடம் கணக்குக் கேட்பது அவிசுவாசம் என்று வாதிப்பவர்கள் உண்டு. ஒருவனாக அல்ல, இருவராக நின்று, அதிலும் ஒருவர் ஆசாரியக் கூட்டத்தைச் சேராதவராக இருந்து, எண்ணிக் கட்டிய பணம் அது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

அப்போஸ்தலனாகிய பவுலும் இதில் மிகுந்த ஜாக்கிரதை காட்டினார். எருசலேமின் தரித்திரருக்காக மக்கெதோனியாவிலும் கொரிந்துவிலும் சேர்த்த தர்மப்பணத்தைத் தாமே தனியாகச் சுமந்துபோக அவர் விரும்பவில்லை. தீத்துவோடுகூடச் சபைகளே தெரிந்துகொண்ட ஒரு சகோதரனையும் நியமித்து, கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவற்றைச் செய்ய நாடுகிறோம் என்ற கருத்தை எழுத்திலே வைத்தார். அவரே தம்மை இத்தனை கட்டுப்பாட்டுக்குள் வைத்துக்கொண்டார் என்றால், அந்தக் கட்டுப்பாடு வேண்டாம் என்று சொல்லத்தக்க பரிசுத்தவான் வேறு யார்?

ஏழைகளிடம் காணிக்கை கேட்பதே அநீதி அல்லவா என்று வினவுவோர்க்கும் ஒரு விடை சொல்லவேண்டும். 1874இல் வெள்ளாளன்விளையில் பிறந்து, 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றுவதற்கு முன்னின்று உழைத்து, 1909இல் தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லுக்கு ஊழியத்துக்குச் சென்று, 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரான அசரியா, தீண்டாமையின் கொடுமைக்குள் அழுந்திய கூலி மக்களையே பெரும்பாலும் தம் மந்தையாகப் பெற்றார். அந்த மக்களும் கொடுக்கவேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். கிறிஸ்தவ ஈகையைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். வாங்குவதற்கென்றே பிறந்தவர்கள் என்று உலகம் ஒதுக்கிவைத்தவர்கள், கொடுக்கும் உரிமையைப் பெற்றபோது தலைநிமிர்ந்தார்கள். ஏழையிடம் கேளாதிருப்பது இரக்கம்போலத் தோன்றினாலும், சபையில் அவனுக்குப் பங்கில்லை என்று சொல்லாமற் சொல்வதாகவே முடியும். அவனிடம் கேட்டுவிட்டுக் கணக்குச் சொல்லாதிருப்பது அதைவிடக் கொடியது.

அறுப்பின் பண்டிகையில் முதற்பலனாக வந்த வாழைத்தாரும் கருப்பட்டியும் சேவலும் கோவில் முற்றத்தில் ஏலம் போவது இனிய காட்சி. ஒரு கோழி முட்டையை ஒருவர் எடுத்து, கோவிலுக்கே திரும்பக் கொடுக்க, அது மீண்டும் மீண்டும் ஏலத்துக்கு வந்து தன் விலையைப்போலப் பன்மடங்கு சேர்க்கும். அந்த உற்சாகத்தில் பகட்டு சிறிது கலந்திருந்தாலும், அதை நான் பெரிதாய் எண்ணவில்லை. என்னை வருத்துவது, தசமபாகம் கொடாதவன் தேவனை வஞ்சிக்கிறான் என்று மல்கியாவின் மூன்றாம் அதிகாரத்தை முழங்குகிறவர்கள், ஆசாரியரைக் கண்டிக்கிற முதலிரண்டு அதிகாரங்களை வாசியாமல் தாண்டிச் செல்வதே. மூன்றாம் வருஷத்துத் தசமபாகத்தை லேவியனோடு பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து புசித்துத் திருப்தியடையவேண்டும் என்று உபாகமம் விதித்ததையும் அவர்கள் சொல்வதில்லை.

ஆண்டுக்கொரு முறை சபைக் கூட்டத்தில் வரவுசெலவுக் கணக்கு வாசிக்கப்படும் சமயத்தில், ஆராதனை முடிந்துவிட்டது என்று எண்ணி மக்கள் எழுந்து வீட்டுக்குப் போவதும், எஞ்சிய சிலர் முன்னிலையில் அது விரைந்து வாசிக்கப்பட்டு அங்கீகரிக்கப்படுவதும் பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. இந்த வருஷம் நீங்கள் எழுந்துபோகாதீர்கள். கைப்பிடி அரிசி கொடுத்த தாய்மார்களையும் உடன் உட்காரச் சொல்லுங்கள். அவர்களுக்கு விளங்கும்படி நிதானமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். விளங்காத தொகை எதுவாயினும், அது எதற்குச் செலவாயிற்று என்று அன்போடும் அச்சமின்றியும் விசாரியுங்கள்.