சுடரும் சான்றும்: சாராயச் சோதனைகளை அளவை நூல் கொண்டு ஆராய்தல்

ஓர் அறிவு மெய்யானதா என்று அளந்து பார்க்கும் கருவிக்குத் தமிழ்ச் சமய நூல்கள் இட்ட பெயர் அளவை. மணிமேகலையில் பத்தாக விரித்துரைக்கப்படும் அளவைகளை, புலன்களால் நேரே அறியும் காட்சி, அறிந்ததைக் கொண்டு அறியாததை உய்த்துணரும் கருதல், நம்பத்தக்கவர் சொல்லை ஏற்கும் உரை என்னும் மூன்றனுள் அடக்கிக் காட்டுகிறது, 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார். இறை, உயிர், உலகு பற்றிய வினாக்களுக்காகத் தீட்டப்பட்ட இக்கருவி, கையில் உள்ள சாராயம் நஞ்சா அன்றா என்ற வினாவுக்கும் அதே கூர்மையோடு பயன்படுகிறது. இங்கே அளவை பிழைத்தால் இழப்பு உயிராகவே இருக்கிறது.

திருட்டுத்தனமாகக் காய்ச்சிய சரக்கைப் பற்றி ஊர்தோறும் சில நம்பிக்கைகள் வழங்குகின்றன. கரண்டியில் சிறிது ஊற்றிக் கொளுத்தினால் நீலமாக எரிவது நல்ல சரக்கு என்பர். புட்டியைக் குலுக்கும்போது எழும் நுரைமுத்துக்கள் நின்று கலைந்தால் கலப்படம் இல்லை என்பர். முதலில் வடிவதைக் கீழே கொட்டிவிட்டால் நஞ்சு நீங்கிவிடும் என்பர். இவற்றை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளுவது நேர்மையாகாது. ஒவ்வொன்றிலும் ஒரு காட்சியும், அக்காட்சியிலிருந்து எழும் ஒரு கருதலும் இருக்கின்றன. ஆராய வேண்டியது அக்கருதல் எந்த இடத்தில் வழுக்குகிறது என்பதே.

மதுவில் போதை தருவது எத்தனால். உயிர் குடிப்பது மெத்தனால். இரண்டும் நிறமற்றவை, நீரோடு கலப்பவை, எளிதில் தீப்பற்றுபவை, மணத்திலும் நெருங்கியவை. எத்தனால் நீலமாக எரியும், மெத்தனாலும் நீலமாகவே எரியும். பகல் வெளிச்சத்தில் மெத்தனால் எரியும் கரண்டியை உற்றுப் பார்த்தாலும் சுடர் ஏறக்குறைய புலப்படாது. அருகே கொண்டு செல்லும் கை மட்டும் சூட்டை உணரும். நுரைமுத்தோ சரக்கில் நீர் எவ்வளவு, ஆல்கஹால் எவ்வளவு என்பதைப் பொறுத்தது. அந்த ஆல்கஹால் எவ்வகை என்பதை அது காட்டுவதில்லை. ஆகவே இச்சோதனைகள் ஓரளவு காட்டுவது சரக்கின் வீரியத்தை. சோதிப்பவர் அறிய விரும்புவதோ அதன் தூய்மையை.

இவ்வகைப் பிழைக்கு மணிமேகலையில் அறவண அடிகள் உரைக்கும் பௌத்த அளவையியலில் பெயரே உண்டு. ஏது என்பது ஒரு முடிவை நிறுவக் காட்டும் காரணம். காரணம் போலத் தோன்றி அவ்வாறு அமையாதது ஏதுப்போலி. அதன் வகைகளுள் ஒன்றான அநைகாந்திகம், முடிவு பொருந்தும் இடத்திலும் பொருந்தாத இடத்திலும் ஒருங்கே காணப்படுவதால் எதையும் நிறுவாத காரணம். புகை நெருப்பின்றி இராமையால் புகையிலிருந்து நெருப்பை உய்த்துணரலாம். நீலச் சுடரோ நல்ல சரக்கிலும் உண்டு, நஞ்சிலும் உண்டு. ஆதலால் அதிலிருந்து எதையும் உய்த்துணர இயலாது.

முதல் வடிப்பைப் பற்றிய நம்பிக்கை இதனினும் நுட்பமானது, ஏனெனில் அதன் பின்னால் அறிவியல் போன்ற ஒரு காரணம் நிற்கிறது. மெத்தனால் ஏறத்தாழ 65 பாகையிலும் எத்தனால் 78 பாகை செல்சியசிலும் கொதிப்பதால், முன்னது முழுவதும் முதலில் வெளியேறிவிடும் என்று கருதப்படுகிறது. தனித்தனியே கொதிக்கும் திரவங்களுக்கு உரிய எண்களை, நீரோடு பிணைந்த கலவைக்கு அப்படியே பொருத்தியதே இங்கு நேர்ந்த பிழை. கலவையைக் காய்ச்சும்போது மெத்தனால் வடிப்பின் தொடக்கம் முதல் இறுதி வரை பரவியே வருகிறது. மேலும், ஊறலில் இயல்பாகத் தோன்றும் மெத்தனால் பெரும்பாலும் பழங்களின் பெக்டின் என்னும் பொருளிலிருந்து உண்டாவது. வெல்ல ஊறலில் அது மிகக் குறைவு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தது மெத்தனால் கலந்த சாராயத்தால். வெளியிலிருந்து கலக்கப்படும் நஞ்சை அடுப்படியில் செய்யும் எந்தக் கைப்பக்குவமும் நீக்காது.

காட்சியும் கருதலும் கைவிட்ட இடத்தில் குடிப்பவர் பற்றுவது உரையை: விற்பவர் சொல்லையும், முன்பே குடித்தவர் சொல்லையும். விற்பவருக்கு அதில் ஆதாயம் இருப்பதால் அவர் நம்பத்தக்கவர் ஆகார். முன்பே குடித்தவர் பொய் சொல்லாதவராயினும், மெத்தனால் உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கேடு விளைவிக்கப் பல மணி நேரம், சிலருக்கு ஒரு நாள்கூட ஆகும். உடன் குடித்த எத்தனால் அம்மாற்றத்தை மேலும் தாமதப்படுத்தும். மாலையில் அவர் சொல்லும் ‘ஒன்றும் ஆகவில்லை’ என்ற சொல் அந்த நேரத்துக்கு உண்மை, மறுநாளைக்குச் சான்று ஆகாது. கலவையின் கூறுகளைப் பிரித்துக் காட்டும் வாயு நிறப்பிரிகை போன்ற ஆய்வுக்கூடச் சோதனையே இங்கு நம்பத்தக்க அளவை. அதுவோ குடிசை வாசலில் கிடைப்பதில்லை.

ஆதலால், தகுந்த அளவை இல்லாத இடத்தில் ‘அறியேன்’ என்று நிற்பதும் அறிவின் பாற்பட்டதே. ஃபார்மிக் அமிலம் முதலில் தாக்கும் உறுப்புகளுள் ஒன்று பார்வை நரம்பு. சுடரின் நிறத்தைக் கண்டு தேறிய அதே கண், மறுநாள் விடியலையும் காணாமல் போகிறது.