இறந்த பூமி எது?

சென்ற மாதம் கன்னிவாடியில் ஜும்ஆ முடிந்ததும் பெரியவர் ஒருவர் என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், மகன் சென்னையிலே பள்ளிக்கரணைப் பக்கம் மனை வாங்கப் போறான். சதுப்பைத் தூர்த்த இடமாம். இறந்த பூமியை உயிர்ப்பித்தவனுக்கே அது சொந்தம்னு மார்க்கத்திலேயே இருக்கே, வாங்கலாமா?" என்றார்.

அந்தச் சட்டம் உண்மைதான். நாயகம் (ஸல்) அவர்கள் அவ்வாறு அருளியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பூமி இறந்ததுதானா என்பதல்லவா முதல் கேள்வி?

பள்ளிக்கரணைச் சதுப்பு ஒரு காலத்தில் சுமார் 50 சதுர கிலோமீட்டர் பரந்து கிடந்தது. தென்சென்னை ஏரிகளில் மிஞ்சும் நீர் அங்கே தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளத்தில் கடலைச் சேரும். தங்கிய நீரில் கோரை வளர்கிறது; மீன் பெருகுகிறது; கூழைக்கடாவும் பூநாரையும் இரை தேடி இறங்குகின்றன. இத்தனை ஜீவன்களுக்கும் அல்லாஹ் ரிஜ்கு அளக்கும் இடத்தை இறந்த பூமி என்பது தகுமா?

நாமோ அதைப் பயனற்ற நிலம் என்று ஏட்டில் எழுதினோம், குப்பையைக் கொட்டினோம், கட்டடம் எழுப்பினோம். 2015 டிசம்பர் மழையில் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வீடுகளுக்குள் வந்தது. 2022-ல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற பரப்பு சுமார் 12½ சதுர கிலோமீட்டர்தான்.

அப்யழ் இப்னு ஹம்மால் (ரலி) அவர்கள் மஃரிபிலிருந்த உப்பு நிலத்தைக் கேட்க, நாயகம் (ஸல்) அவர்கள் வழங்கினார்கள். அது வற்றாத நீருக்கு ஒப்பானது என்று ஒருவர் எடுத்துரைத்ததும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அபூதாவூதிலும் திர்மிதீயிலும் இச்செய்தி உள்ளது. எல்லோருக்கும் பயன்படும் பொருள் தனி ஒருவருக்கு உரிமையாகாது என்பதற்கு ஃபிக்ஹு அறிஞர்கள் இதையே ஆதாரமாகக் காட்டுவர். நபியவர்கள் வழங்கியதே திரும்பப் பெறப்பட்டதென்றால், பட்டா ஒன்றே போதும் என்று நாம் எப்படி அமைதி கொள்வது?

"ஏழைக்கும் வீடு வேண்டாமா?" என்று கேட்கலாம். வேண்டும். அறியாமல் வாங்கிக் குடியேறியவரைக் குற்றவாளியாக்குவதும் முறையல்ல. ஆனால் அறிந்த பின் வாங்குவது வேறு. நாம் தூர்த்த இடத்து நீர் அண்டை வீட்டுக்குள் புகுமானால், அந்தத் தீங்கில் நமக்கும் பங்குண்டு.

"நம்ம ஊர்க் குளத்தை ஒருவர் தூர்த்து விற்றால் சும்மா இருப்பீங்களா அத்தா?" என்றேன். பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "மகனை வேறு இடம் பார்க்கச் சொல்றேன்" என்றார்.

பிறர் உரிமையைப் பேணி வாழும் நல்லருளை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக! ஆமீன்.