போனது கியர்பாக்ஸா, உன் தைரியமா?

“கியர்பாக்ஸ் போச்சு தம்பி!”

இதைக் கேட்டதும் முகம் வெளுத்துப்போகிறாயே, உன்னோடுதான் பேச வந்திருக்கிறேன். தவணை கட்டி ஓட்டுகிற பழைய கார். கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையில் தினமும் ஊர்ந்து போய் வருகிறது. ஒரு நாள் உதறியது. பட்டறைக்காரர் சாலையில் ஓட்டிப் பார்க்கவில்லை, எண்ணெயைத் தொட்டுப் பார்க்கவில்லை, நின்ற இடத்திலேயே தீர்ப்புச் சொன்னார். நீ தலையாட்டினாய். ஏன் ஆட்டினாய்? உனக்குக் கார் தெரியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதைவிடக் கொடுமை, இதெல்லாம் நமக்கு ஏறாது என்று நீயே முடிவு கட்டியிருந்தாய்.

யார் சொன்னது ஏறாது என்று? செந்தூல் இரயில்வே பட்டறையில் நீராவி என்ஜினோடு மல்லுக்கட்டிய நம் முன்னோர் எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தார்கள்?

அந்த ஆட்டோ கியர்பாக்ஸ் பெட்டிக்குள் பூதம் எதுவும் இல்லை. எண்ணெய்தான் இருக்கிறது. பம்ப் அதை அழுத்துகிறது. வால்வு பாடியில் இருக்கும் சொலனாய்டுகள் அந்த அழுத்தத்தை வேண்டிய பக்கம் திருப்பி விடுகின்றன. அழுத்தம் போய்ச் சேர்ந்த கிளட்ச் பிடிக்கிறது, கியர் விழுகிறது. எண்ணெய் அழுத்தத்தால் தானே கியர் மாறும் இந்தச் சங்கதி 1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் காரிலேயே ஹைட்ரா-மேட்டிக் என்ற பெயரில் வந்துவிட்டது. இரண்டாம் உலகப் போரில் டாங்கிகளையே நகர்த்தியது. எண்பது வருடத்துக்கு மேல் பழசான ஒன்றைக் கண்டா பயப்படுகிறாய்?

எண்ணெய் குறைந்தாலோ கருகினாலோ அழுத்தம் கெடும். நம் ஊர் வெயிலும் நெரிசலும் அதைச் சீக்கிரமே கருக்கும். இனிக் கவனி. ‘டி’ போட்டதும் கார் யோசித்து யோசித்துக் கிளம்புகிறதா? முதலில் எண்ணெய் அளவையும் கசிவையும் பார். கியர் விழும்போது ‘டொக்’கென்று இடிக்கிறதா? என்ஜின் மவுண்டிங் கிழிந்திருந்தாலும் அப்படித்தான் இடிக்கும்; அதற்குப் போய் கியர்பாக்ஸை இறக்காதே. எச்சரிக்கை விளக்கு எரிந்து ஒரே கியரில் சிக்கிக்கொண்டதா? மேலும் கெடாமலிருக்கக் காரின் கணினியே அப்படிப் பூட்டியிருக்கலாம். ஸ்கேன் செய்து என்ன பிழைக் ‘கோடு’ வருகிறது என்று கேள். ஆர்பிஎம் ஏறுகிறது, கார் நகரவில்லை, எண்ணெயில் கருகல் வாடை என்றால் உள்ளே கிளட்ச் தேய்ந்திருக்கக்கூடும். அது மெய்யான நோய். எண்ணெய் சிராப் பாண்டுங் நிறத்தில் வெளுத்துக் கிடந்தால் அந்த நொடியே என்ஜினை நிறுத்து; ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கலந்திருக்கலாம். இழுவை வண்டி வந்தால் என்ஜின் இயக்கும் சக்கரங்கள் தரையில் உருளாமல் தூக்கி ஏற்றச் சொல். என்ஜின் நின்றால் பம்பும் நின்றுவிடும், உள்ளே எல்லாம் உலர்ந்து உராயும்.

இன்னொன்று. உன் காரில் இருப்பது எந்தப் பெட்டி என்று உனக்குத் தெரியுமா? புரோட்டோன் சாகாவையே எடுத்துக்கொள். 2011இல் எஃப்எல்எக்ஸ் மாடலில் சிவிடி வந்தது. 2016இல் வந்த புதிய சாகாவிலும் அதுவே. 2019இல் நிறுவனம் அதைக் கைவிட்டு ஹியூண்டாயின் நான்கு கியர் ஆட்டோவுக்கு மாறியது. சிவிடியில் படிப்படியான கியர்களே கிடையாது, இரண்டு புல்லிகளுக்கு நடுவே எஃகுப் பட்டை ஓடுகிறது. அதற்கென்று தனி எண்ணெய் உண்டு. சாதாரண ஆட்டோ எண்ணெயை ஊற்றினால் பட்டை வழுக்கும், பெட்டியே நாசமாகும். பெயர் சாகாதான், வைத்தியம் வேறு. தேசியக் கார் நிறுவனமே தன் முடிவை மாற்றிக்கொள்ளும்போது, பட்டறையில் சொன்ன முதல் வார்த்தையை மட்டும் நீ வேதவாக்காக எடுத்துக்கொள்வதா?

ஆகவே, வாயைத் திற! “அண்ணே, என்ன கோடு வந்துச்சு? பழைய எண்ணெயைக் காட்டுங்க. ஓவர்ஹாலா, ஹாஃப்-கட் காரிலிருந்து எடுத்த பழைய பெட்டியா? வாரண்டி எழுதித் தருவீங்களா?” தொழில் தெரிந்த மனிதர் இதைக் கேட்டு மகிழ்வார், கையில் டார்ச்சைக் கொடுத்து உன்னையே பார்க்கச் சொல்வார். அப்படிப்பட்ட தவுக்கேயும் அண்ணன்மாரும் இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் நிறையவே உண்டு. எரிந்து விழுகிறவரிடம் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பு. தங்கச்சி, இதை உனக்கு இரண்டு மடங்கு அழுத்திச் சொல்கிறேன். பெண் என்றால் விவரம் தெரியாது என்று கணக்குப் போடுகிறவன் முன்னால் அந்தக் கோடு எண்ணை நீ உரக்கச் சொல், அவன் முகத்தைப் பார்.

பழைய கார் வாங்கப் போகிறாயா? என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போ. நீ வருமுன்பே சூடேற்றி வைத்திருந்தால் சந்தேகப்படு. பிறகு நெரிசலில் அரை மணி நேரமாவது ஓட்டு; சூடேறினால்தான் சில கோளாறுகள் வாயைத் திறக்கும். புஸ்பாகோம் வாகனச் சோதனைத் தாளைக் காட்டி உன் வாயை அடைப்பார்கள். அந்தச் சோதனை கியர்பாக்ஸ் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்வதற்காக ஏற்பட்டதில்லை.

எல்லாம் பார்த்தும் விற்பனையாளர் ஏமாற்றிவிட்டாரா? 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உன் பக்கம் நிற்கிறது. பழைய காருக்குப் புதிய காரின் தரத்தைக் கேட்க முடியாது, விலையும் வயதும் கணக்கில் வரும். ஆனால் “நல்ல கண்டிஷன்” என்று சொல்லி விற்ற வாய்க்குப் பொறுப்பு உண்டு. தனியாளிடம் வாங்கியிருந்தால் இந்த வழி இல்லை, வியாபாரியிடம் வாங்கியிருந்தால் உண்டு. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். மனுக் கட்டணம் 5 வெள்ளி. பொதுவாக வழக்கறிஞருக்கு அங்கே இடமில்லை. ரசீது, விளம்பரப் படம், வாட்ஸ்அப் பேச்சு, ஸ்கேன் தாள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டுக்கொண்டு போ. உன் தரப்பை நீதான் பேசப் போகிறாய்.