வாயைக் கட்டுதல்

வாப்பாவுக்குச் சீனி வருத்தம் என்று தெரிய வந்த நாளிலிருந்து, வீட்டில் சீனிப் போத்தலுக்குக் காவல் நான்தான். பின்னேரத் தேத்தண்ணிக்கு அவர் களவாக மூன்று கரண்டி போட்டுக்கொள்வார். ஒருநாள் பிடித்துவிட்டேன். "வாயைக் கட்டத் தெரியாட்டி மருந்து எதுக்கு வாப்பா?" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. கோப்பையை அப்படியே வைத்துவிட்டுத் திண்ணைக்குப் போனார்.

பசியை அடக்குவது மனவுறுதியின் வேலை, அடங்காதவன் குணத்தில் குறையுள்ளவன் என்றே அன்று நம்பியிருந்தேன்.

1977இல் பிரிட்டனில் ஓர் ஆய்வு நடந்தது. பத்துப் பேருக்கு ஒரே அளவு அப்பிளை முழுப் பழமாகவும், மசித்த கூழாகவும், நார் நீக்கிய சாறாகவும் வெவ்வேறு தடவைகளில் கொடுத்தார்கள். சாறு, பழத்தைவிடப் பதினொரு மடங்கு வேகத்தில் உள்ளே போயிற்று. வயிறு நிறைந்த உணர்வு பழத்துக்கே அதிகம், கூழுக்குக் குறைவு, சாற்றுக்கு அதிலும் குறைவு. சாறு குடித்தபின் இன்சுலின் கூடுதலாக ஏறியது. குருதிச் சீனி ஏறிய கையோடு சரிந்தது. நார் இருந்தால் மெல்ல வேண்டியிருக்கிறது, இரைப்பையும் ஆறுதலாகவே காலியாகிறது. அந்தப் பத்துப் பேரின் குணம் மூன்று தடவையும் ஒன்றுதானே?

வாப்பாவின் காலைச் சாப்பாடு வெள்ளைப் பாணும் சீனிச் சம்பலும். பத்து மணிக்கே பசி என்பார். உம்மும்மா இருந்த காலத்துக் குரக்கன் பிட்டும் சிவப்பரிசிச் சோறும் எங்கள் வீட்டைவிட்டுப் போய் வெகுகாலம். பாண் லேசு என்று தினமும் கடையில் வாங்கி வந்தவன் நான்.

அப்படியானால் மனிதனுக்குப் பொறுப்பே இல்லையா என்று நண்பர் ஒருவர் மடக்கினார். இருக்கிறதுதான். ஆனால் பசித்தவன் கோப்பையருகே நின்று தன்னோடு சண்டை பிடிப்பதைவிட, கடைக்குப் போகிறவன் யோசிப்பது எளிது. ஊர் வழக்கத்துக்கும் இதில் பங்குண்டு. சேர்க்கும் சீனியை நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள் வைத்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. நம் பக்கம் இரண்டு வீடு ஏறி இறங்கினால் அது முடிந்துவிடும். வேண்டாம் என்றால் வீட்டுக்காரருக்கு மனத்தாங்கல். குறைத்துப் போட்டால் கஞ்சப் பட்டம்.

வாப்பா மௌத்தாகி ஒன்பது வருடங்கள். அன்று அந்தக் கோப்பையைத் திண்ணைக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்திருக்கலாமா என்றால், அதுவும் சரியில்லை. வளவில் கொய்யா காய்த்துக் கிடந்தது. ஒன்றை வெட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் இருந்திருக்கலாம்.