கூச்சம் ஒரு தகுதியா?

பழங்குடி என்றால் யார்? நமது அரசியல் சட்டத்தில் இதற்கு விளக்கம் கிடையாது. 342ஆம் பிரிவின்கீழ் குடியரசுத் தலைவர் வெளியிடும் பட்டியலில் இருப்பவர்கள் பழங்குடியினர், அவ்வளவுதான். பட்டியலில் யாரைச் சேர்ப்பது என்பதற்கு 1965இல் லோகூர் குழு ஐந்து அடையாளங்களைச் சொன்னது: ஆதிகாலத் தன்மை, தனித்த பண்பாடு, ஒதுங்கிய வாழிடம், வெளியாரோடு பழகக் கூச்சம், பின்தங்கிய நிலை.

நாலாவதுதான் எனக்கு உறுத்துகிறது. ஃபாரஸ்ட்காரனைக் கண்டு ஓடுறவனுக்குப் பேரு கூச்சமா? அடி வாங்கிய பயத்தைக் குணமாக எழுதி வைத்திருக்கிறார்கள். 1992இல் வாச்சாத்தியில் வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் சேர்ந்து செய்த கொடுமையைச் சொல்ல அந்த மலையாளிப் பழங்குடிப் பெண்கள் கூச்சப்பட்டிருந்தால், 2011இல் 215 பேர் குற்றவாளிகள் என்ற தீர்ப்பு வந்திருக்காது. 2023இல் உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. லோகூர் கணக்குப்படி பார்த்தால் இவர்கள் பழங்குடிகளே இல்லை போலிருக்கிறது!

ஓர் இருளர் பெரியவரோடு சாதிச் சான்றுக்காகக் கோட்டாட்சியர் அலுவலகம் ஒன்றுக்குப் போயிருந்தேன். "பாம்பு பிடிப்பியா?" என்று கேட்டார் அதிகாரி. "எம் பொண்ணு காலேஜுல சேரத்தான் சார் கேக்குறேன்" என்றார் பெரியவர். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத்தோல் வியாபாரம் நின்றுபோனது. 1978இல் வந்த கூட்டுறவுச் சங்கத்தில் உரிமத்தோடு விஷத்துக்காகப் பாம்பு பிடிப்பவர்கள் சில நூறு பேர்தான். ஒரு கையால் தொழிலைப் பிடுங்கிக்கொண்ட அரசு, மறுகையை நீட்டி அதே தொழிலைச் செய்து காட்டச் சொல்கிறது.

என்னை எந்தத் தாசில்தாரும் பறையடித்துக் காட்டச் சொன்னதில்லை. சேரியில் வீடு இருக்கிறதே, அது போதும் சாட்சிக்கு. செத்த மாடு தூக்க மாட்டோம் என்று நாம் நிறுத்தியதை விடுதலை என்கிறோம். இருளர் எலி பிடிப்பதை விட்டுவிட்டுப் படிக்க வந்தால் மட்டும் போலியா? தோழர்கள் சிலருக்கும்கூடப் பழங்குடி என்றால் மாறாமல் இருக்கவேண்டும் என்ற ஆசை உண்டு. அதுவும் ஒருவகை மியூசியம்தான்.

பண்பாட்டுச் சோதனை மட்டுமே முடிவான அளவுகோல் ஆகாது என்று 2023 மார்ச்சில் ஒரு மகாராஷ்டிர வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. நல்லது. ஆனால் அதே தீர்ப்பு, சுதந்திரத்துக்கு முந்தைய பழைய ஆவணங்களுக்கு அதிக மதிப்புத் தருகிறது. ஏரிக்கரையில் குடிசை போட்டிருந்தவன் தாத்தாவிடம் ஏது ஆவணம்? 2006 வன உரிமைச் சட்டத்தின் விதிகளோ, ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை எழுதிக்கொண்டு அதையும் சாட்சியமாக ஏற்கின்றன. நிலத்துக்குச் செல்லுபடியாகும் கிழவியின் வாய்ச்சொல், பக்கத்து வீட்டுப் பேத்தியின் சான்றிதழுக்கு ஏன் செல்லாது?