கிறீஸ்தவன் என்னும் பெயரை நமக்கு வைத்தது யார்?



பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதும், சர்க்காருக்கு விண்ணப்பம் எழுதும்போதும், "மதம்" என்ற இடத்தில் "கிறீஸ்தவர்" என்று யோசனையின்றி எழுதிவிடுகிறோம். பெற்றோர் கிறீஸ்தவர், ஆகையால் நாமும் கிறீஸ்தவர். வீடும் நிலமும் வந்த வழியாகவே இந்தப் பெயரும் வந்ததென்பது நம் எண்ணம். ஆனால் வேதாகமத்தில் இப்பெயர் வந்த வழி வேறு. அதைச் சற்றே ஆராய்வோம்.

புதிய ஏற்பாடு முழுவதிலும் இச்சொல் மூன்றே இடங்களில் வருகிறது. அப்போஸ்தலர் நடபடி 11-ம் அதிகாரத்தில் ஒருமுறை. அதே நூலின் 26-ம் அதிகாரத்தில், விலங்கோடு நின்ற அர்ச். சின்னப்பரிடம் அகிரிப்பா அரசன் பேசும்போது ஒருமுறை, அர்ச். இராயப்பரின் முதல் நிருபம் 4-ம் அதிகாரத்தில் ஒருமுறை. ஆதி விசுவாசிகள் தங்களைச் சீஷர் என்றும், சகோதரர் என்றும், பரிசுத்தர் என்றும் சொல்லிக்கொண்டார்கள். அந்தியோக்கியாவிலேதான் சீஷர்கள் முதன்முதல் கிறீஸ்தவர் என்று அழைக்கப்பட்டதாக அர்ச். லூக்காஸ் எழுதுகிறார். எரோதுவைச் சார்ந்தவர்களை எரோதியர் என்றது போல, "கிறீஸ்துவின் ஆட்கள்" என்று ஊரார் வைத்த பெயர் இது என்பதே வேதசாஸ்திரிகள் பலருடைய கருத்து.

ஊரார் புதுப்பெயர் தேடுவானேன்? அந்தியோக்கியா, உரோமை இராச்சியத்தில் உரோமைக்கும் அலெக்சாந்திரியாவுக்கும் அடுத்த பெருநகர். 2023-ம் ஆண்டு பூகம்பத்தில் பெரிதும் பாழான, துருக்கி தேசத்து அந்தாக்கியாதான் அது. அங்கே யூதர், கிரேக்கர், சீரியர் எனப் பல இனத்தார் வாழ்ந்தனர்; ஒவ்வொருவருக்கும் பிறப்பினால் வந்த பெயர் இருந்தது. அர்ச். முடியப்பர் வேதசாட்சியாய் மரித்தபின் சிதறிப்போனவர்களில் சிலர் அங்கு வந்து, யூதருக்கு மட்டுமன்றிக் கிரேக்கருக்கும் ஆண்டவரைப் போதித்தார்கள். பர்னபாஸ் தார்சுவுக்குப் போய்ச் சின்னப்பரைக் கூட்டிவர, இருவரும் ஓராண்டு முழுவதும் அந்தச் சபைக்குப் போதித்தார்கள். யூதனும் கிரேக்கனும் ஒரே பந்தியில் அமர்ந்தார்கள். இவர்களை யூதர் என்பதா, கிரேக்கர் என்பதா? பிறப்புப் பெயர் எதுவும் பொருந்தவில்லை. ஆகவே, எங்கே பிறந்தார்கள் என்பதைக் கொண்டல்ல, யாருக்குச் சொந்தமானார்கள் என்பதைக் கொண்டே பெயர் வந்தது என்று எண்ண இடமுண்டு.

பெயர் வந்ததைச் சொன்ன கையோடு அர்ச். லூக்காஸ் சொல்வது என்ன? பஞ்சம் வரப்போகிறதென்று கேள்விப்பட்டதும், அந்தியோக்கியா சீஷர்கள் அவரவர் சக்திக்கு ஏற்றபடி யூதேயாவிலிருந்த சகோதரருக்கு உதவி அனுப்பினார்கள். தங்கள் இனத்தாருக்கு மட்டும் அனுப்பவில்லை. முகம் அறியாதவர்களுக்கும் அனுப்பினார்கள்.

ஆனால் அதே ஊரிலே ஒரு தடுமாற்றமும் உண்டாயிற்று. கலாத்தியருக்கு எழுதிய நிருபம் 2-ம் அதிகாரத்தில் அதைக் காணலாம். புறஜாதியாரோடு உண்டுவந்த இராயப்பர், ஜெருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அவர்களுக்கு அஞ்சிப் பந்தியை விட்டு விலகினார், பர்னபாஸும் இழுபட்டுப்போனார். சின்னப்பர் எல்லார் முன்பாகவும் அதைக் கண்டித்தார். இது சாப்பாட்டுத் தகராறு அன்று. பந்தி பிரிந்தால் சுவிசேஷமே பொய்யாகும் என்று அவர் கண்டார்.

பிரியமானவர்களே, இதைப் படித்துவிட்டு நம்மைப் பார்ப்போம். தேர் இந்தத் தெருவுக்குப் போகும், அந்தத் தெருவுக்குப் போகாது என்று வழக்காடுகிற ஊர்கள் நம்மிடையே உண்டு. கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் எழுப்பி, மரித்தவர்களையும் சாதிவாரியாய்ப் பிரித்த இடங்கள் உண்டு. ஒரே திவ்விய நற்கருணையை உட்கொண்டு வெளியே வந்தவர்கள், கலியாண வீட்டில் ஒரே பந்தியில் உட்காரக் கூசுவதும் உண்டு. பிறப்புப் பெயர்கள் தோற்றுப்போன இடத்தில் பிறந்த பெயர் "கிறீஸ்தவன்". அதை வைத்துக்கொண்டு சாதிப் பெயரையும் இறுகப் பற்றுகிறவன், ஒரு கையால் கட்டியதை மறுகையால் இடிக்கிறான்.

"அப்படியானால், தவறுகிறவன் கிறீஸ்தவனே அல்லவா சுவாமி?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஞானஸ்நானம் ஆத்துமத்தில் அழியாத முத்திரையைப் பதிக்கிறதென்று திருச்சபை போதிக்கிறது. பந்தியை விட்டு விலகிய இராயப்பர் அப்போஸ்தலர் அல்லாமற் போகவில்லை. கிறீஸ்து என்றால் அபிஷேகம் பெற்றவர் என்பது பொருள். ஞானஸ்நானத்தில் நம் உச்சந்தலையிலும் கிறிஸ்மா தைலம் பூசப்பட்டது. அது நாம் சம்பாதித்ததல்ல, ஆண்டவர் இலவசமாய்த் தந்தது. தந்ததை அவர் திரும்ப வாங்குவதில்லை. அதனாலேயே நம் கடன் குறைவதில்லை, கூடுகிறது. தகப்பன் பெயரைக் கெடுத்த மகனும் மகனே. மகனாயிருப்பதாலேதான் அவன் குற்றம் பெரிதாகிறது.

அந்தியோக்கியாவின் மேற்றிராணியாராகிய அர்ச். இஞ்ஞாசியார், கி.பி. 107-ம் ஆண்டளவில் மிருகங்களுக்கு இரையாக உரோமைக்குக் கொண்டுபோகப்பட்டபோது, தாம் கிறீஸ்தவன் என்று அழைக்கப்படுவது மட்டும் போதாது, அப்படியே காணப்படவும் வேண்டும் என்று உரோமையாருக்கு எழுதினார். சில ஆண்டுகளுக்குப்பின், பித்தினியா நாட்டு அதிபதி பிளினி, இந்தப் பெயரே தண்டனைக்குப் போதுமா, குற்றமும் வேண்டுமா என்று திராஜான் சக்கரவர்த்தியைக் கேட்டு எழுதினான். விசாரணையில் அவன் அறிந்தது என்ன? இவர்கள் குறித்த நாளில் விடியுமுன் கூடிக் கிறீஸ்துவைத் தேவனாகத் துதிக்கிறார்கள்; களவு, விபசாரம் செய்வதில்லை, கொடுத்த வாக்கை மீறுவதில்லை, பிறர் ஒப்புவித்த பொருளை இல்லையென்று மறுப்பதில்லை எனப் பிரமாணம் செய்கிறார்கள் என்பதே. அவிசுவாசியான அதிபதிக்குக் கிறீஸ்தவன் என்ற சொல்லின் பொருள் இப்படி விளங்கிற்று.

நம் அயலார்க்கு அது எப்படி விளங்குகிறது? நம்மிடம் கடன் கொடுத்தவரும், நம் வயலில் கூலி வேலை செய்பவரும், நம் கடையில் நிறுத்து வாங்குபவரும் அச்சொல்லைக் கேட்டால் எதை நினைப்பார்கள்? ஞானஸ்நானப் புத்தகத்தில் நம் பெயரை எழுதியது குருவானவர். ஆனால் அந்தியோக்கியாவில் நடந்தது போல, அதை ஊரார் வாயில் எழுதுவது நம் நடத்தையே.

ஆகையால் வருகிற ஞாயிறு பூசைக்குமுன், இதுவரை யாரோடு பந்தியில் உட்காரத் தயங்கினோம், யார் வாசலை மிதிக்காமல் ஒதுங்கினோம் என்று ஒவ்வொருவரும் ஆத்தும சோதனை செய்யுங்கள். ஒருவர் முகமாவது நினைவுக்கு வந்தால், பூசைக்கு வருமுன் அவர் வீட்டுக்குப் போய், அவர் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வாருங்கள்.

உங்கள் பங்குக் குரு